கல்லோடைத் தெருவுக்கு வந்த பொய்த் தண்ணீர்

கல்லோடைத் தெரு நடுநிலைப் பள்ளிக்கு எரிமலை வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை காலையில். ராஜபாளையம் கடைத்தெரு வழியாக, ஒரு நீல நிற வேனில், அங்கங்கே நிறுத்தி வழி கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. எரிமலையோடு கூடப் பனிச்சரிவும் நிலநடுக்கமும் சூறாவளியும் வந்திருந்தன. வெள்ளம் மட்டும் வரவில்லை.

“வெள்ளம் பின்னால வருது சார். இன்னும் ரெடியாகல,” என்றான் வேன் டிரைவர் ஆண்டிச்சாமி.

பூகோள வாத்தியார் பிச்சை முகம்மதுவுக்குத் தலை சுற்றியது. இந்தத் தெருவுக்கு வெள்ளத்தைத் தவிர வேறு எதுவுமே வந்ததில்லை. மேற்கே மலை. மலையிலிருந்து இறங்கும் கல்லோடை வருஷத்தில் பெரும்பகுதி ஆடு மேய்கிற இடமாகக் கிடக்கும். ஐப்பசியில் மலையில் மழை பிடித்தால், ஊருக்குள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் புரண்டு வரும். ஓடை வளைகிற இடத்தில், தாழ்ந்த பக்கமாகத் தெருவும் பள்ளிக்கூடமும். அங்கே ஒரு தடுப்புச் சுவர் கட்டித் தாருங்கள் என்று பிச்சை முகம்மது தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். இப்போது தலையில் முடியும் இல்லை, ஓடையில் சுவரும் இல்லை.

சுவர் இல்லாத குறையைத் தெரு தானே பார்த்துக்கொண்டது. புரட்டாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள் ஓடையில் இறங்க வேண்டும். மில்லில் கழிவுப் பஞ்சு கட்டுகிற பெரிய சாக்குகளில் மணலை அள்ளிப் போட்டு, வாயைத் தைத்து, வளைவு நெடுக ஆள் உயரத்துக்கு அடுக்கிவிடுவார்கள். தைக்கிற வேலை வாத்தியாரின் தங்கை சம்சாத் பேகத்துடையது. வீட்டில் வைத்து ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி வெட்டி மடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. சாக்கை மட்டும் சிவப்பு நூலால்தான் தைப்பாள். அவிழ்ந்தால் தூரத்திலிருந்தே தெரியும் என்பாள். ஆள் அனுப்பாத வீட்டு வாசலில் போய் நின்று ஏசுகிற வேலை செல்லத்தாயுடையது. பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா. அவள் வாய்க்குப் பயந்தே ஊமை வெயிலிலும் ஆட்கள் மணல் சுமந்தார்கள்.

இந்தத் தெருவுக்குத்தான் தொண்ணூற்றேழாம் வருஷம் ஆடி மாதத்தில் எரிமலை வந்தது.

அனுப்பி வைத்தது இயற்கை இடர் அனுபவக் கல்வி இயக்ககம். தலைமையிடம் ஸ்ரீவில்லிபுத்தூர். கொண்டுவந்த பொருள், ஒரு பெரிய தலைக்கவசம். கண்ணுக்கு முன்னால் இரண்டு சின்ன டி.வி., பின்னால் வால் மாதிரி வயர், வயர் போய்ச் சேருகிற இடத்தில் வேனுக்குள் ஒரு கம்ப்யூட்டர். தலையில் மாட்டிக்கொண்டால் ராஜபாளையம் மறைந்துவிடும்; எரிமலைக்கு நடுவில் நிற்பீர்கள். மாயத் தோற்றம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் ‘தலைச்சட்டி’ என்று வைத்துவிட்டார்கள்.

இயக்ககத்தின் இணை இயக்குநர் சௌந்தரபாண்டியன் நேரில் வந்து தொடங்கி வைத்தார்.

“மாணவச் செல்வங்களே! இதுவரை நம் மக்கள் ஆபத்தில் மாட்டிக்கொண்டுதான் ஆபத்தைக் கற்றார்கள். அது காட்டுமிராண்டிக் காலத்து முறை. இனிமேல் பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆபத்தைக் கற்கலாம். எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் இயக்ககம் நல்ல மேட்டில் இருக்கிறது. அங்கே ஒரு சொட்டு வெள்ளம் எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் வெள்ளத்தைப் பற்றி எங்களைவிட அறிந்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே கிடையாது!”

எல்லோரும் கை தட்டினார்கள். பிச்சை முகம்மது எழுந்து நின்றார்.

“சார், ஓடை வளைவுல ஒரு சுவரு கேட்டிருந்தோம்…”

“கேட்டது நினைவிருக்கிறது. சுவர் இருந்தால் மக்கள் சுவரை நம்புவார்கள். அறிவை நம்ப மாட்டார்கள். முதலில் அறிவு. எந்தப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா இடர்களையும் அனுபவித்து முடிக்கிறார்களோ, அந்தப் பள்ளிக்குச் சுவர். நானே பரிந்துரை செய்கிறேன்.”

பின்வரிசையில் கரண்டியோடு நின்ற செல்லத்தாய் வாத்தியார் காதருகே குனிந்தாள். “ஏன் வாத்தியாரே, இந்த எரிமலை எந்தப் பக்கமா வரும்? செண்பகத்தோப்புப் பக்கமா, அய்யனார் கோயில் பக்கமா? சொன்னீகன்னா வடகம் காயப்போடாம இருப்பேன்.”

“சும்மா இரு ஆயா. சுவரு வருது.”

“எரிமலை மேல ஏறியா?”

மறுநாள் பாடம் தொடங்கியது. தொடங்குமுன் ஒரு விதி இருந்தது. இயந்திரத்துக்குப் பேன் பிடித்துவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் துணி சுற்ற வேண்டும். துணிக்கு இயக்ககத்தில் ஏற்பாடு இல்லை. இந்த ஊரில் கட்டுத்துணிக்கா பஞ்சம்? சம்சாத் பேகம் தன் பங்குக்கு ஒரு சிப்பம் கொடுத்தாள். பிள்ளைகள் நெற்றியிலிருந்து பிடரி வரை வெள்ளைக் கட்டுப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

முதலில் போன பெண் எரிமலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தாள். அடுத்தவனும் எடுத்தான். பிச்சை முகம்மது பதறிப்போய் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். சௌந்தரபாண்டியனின் முகமோ மலர்ந்தது.

“நிறுத்தாதீர்கள்! அனுபவம் உள்ளே இறங்கியதற்கு அதுதான் அடையாளம். வாந்தி எடுக்காத பிள்ளைக்கு மறுபடியும் காட்டுங்கள்.”

வாந்தி வராத இரண்டு மூன்று பிள்ளைகள் பாஸாவதற்காகத் தொண்டைக்குள் விரலை விட்டுக்கொண்டார்கள்.

பயம் தாங்க முடியாதவர்களுக்காகப் பாதுகாப்புப் பாடம் ஒன்றும் இருந்தது. அதைச் சௌந்தரபாண்டியன் தாமே நடத்தினார்.

“பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?”

“ரெண்டு கையாலயும் தலைச்சட்டியப் பிடிச்சு மேல தூக்கணும்!” என்று பள்ளிக்கூடமே கத்தியது.

“தூக்கினால்?”

“எரிமலை போயிரும்!”

மாலையில் பள்ளிக்கூடம் விட்டது. தலையில் வெள்ளைக் கட்டோடு, வெளுத்த முகத்தோடு, சட்டை முன்பக்கம் நனைந்து, பிள்ளைகள் வரிசையாகத் தெருவில் நடந்தார்கள். முதலில் பார்த்த வெற்றிலைக் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மில் பாய்லர் வெடித்துவிட்டது என்றார் ஒருவர். பள்ளிக்கூட மாடி சரிந்துவிட்டது என்றார் இன்னொருவர். டவுன் பஸ் நின்றது. தாய்மார்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தன் மகனைப் பிடித்து உட்காரவைத்துக் கட்டை அவிழ்த்தாள். உள்ளே காயத்தைக் காணாமல் இன்னும் பலமாக அழுதாள். ரத்தம் உள்ளுக்குள் இறங்கிவிட்டது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

செய்தி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எட்டியது. ‘பொதுமக்களிடையே மாபெரும் விழிப்புணர்வு’ என்று இயக்ககம் பத்திரிகைகளுக்குச் சொல்லி அனுப்பியது.

ஆவணி மாதத்தில் வாத்தியார்களுக்குப் பயிற்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பயப்படுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆசிரியர் முகத்தில் பயம் தெரிய வேண்டும். ஆனால் பதவிக்கு மீறிப் பயப்படக் கூடாது. தலைமை ஆசிரியர் அலறலாம். உதவி ஆசிரியர் அவருக்குப் பிறகே அலற வேண்டும். பனிச்சரிவுப் பாடத்துக்காகச் சர்பத் கடையிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து, அண்டாவில் போட்டு, ஒவ்வொருவராகக் காலை வைக்கச் சொன்னார்கள். பிச்சை முகம்மது காலை வைத்தார்.

“என்ன தோன்றுகிறது?” என்று கேட்டார் பயிற்சியாளர்.

“சர்பத் குடிக்கணும்போல இருக்கு சார்.”

அவரை மறுபடி வைக்கச் சொன்னார்கள்.

டீ இடைவேளையில் சௌந்தரபாண்டியன் அவரைத் தேடிவந்து தோளில் கை போட்டார். பால்கோவாவை இலையோடு நீட்டினார். “பிச்சை முகம்மது சார், உங்க ஓடையை நான் மறக்கலை. அம்மன் கோயிலுக்கு மேற்கே வளையுதே, அந்த இடம்தானே?” என்று இலையிலேயே விரலால் கோடு போட்டுக் காட்டினார். கோடு சரியாக இருந்தது.

பிச்சை முகம்மது அந்த இலையையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் மேலிடத்தைச் சேர்ந்த ஒருவர் வாயிலிருந்து அந்த வளைவு வருவது இதுதான் முதல் தடவை. இவர் பார்க்கப் போன அதிகாரிகளெல்லாம் ‘எந்த ஓடை?’ என்றுதான் கேட்டிருக்கிறார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் பால்கோவா இலையைக்கூட எறிய மனம் வராமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணே, அந்த ஆளு நல்லவரா?” என்று கேட்டாள் சம்சாத்.

“நம்ம வளைவு தெரிஞ்ச ஆளும்மா,” என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒரு நற்சாட்சி தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு அவர் பிள்ளைகளை விரட்டி விரட்டிப் பனிச்சரிவுக்கும் சூறாவளிக்கும் அனுப்பினார். காய்ச்சலில் கிடந்தவர்களைக்கூட வீடு தேடிப் போய்க் கூட்டிவந்தார். எல்லாம் சுவருக்காக.

புரட்டாசி முடிந்தது. தெரு வழக்கம்போல இறங்கி, மூட்டைகளை அடுக்கி முடித்தது. ஐப்பசி பிறந்த வாரம் ஆண்டிச்சாமி வேனோடு வந்தான்.

“சார், வெள்ளம் வந்துட்டு!”

இந்தத் தடவை தலைச்சட்டி இல்லை. கறுத்த கண்ணாடி ஒன்று. இதற்கு மிகைத் தோற்றம் என்று பெயர். சட்டியை மாட்டினால் நம் தெரு மறைந்து போகும். கண்ணாடியை மாட்டினால் நம் தெரு அப்படியே தெரியும். அதன் மேல் கம்ப்யூட்டர் பொய்த் தண்ணீரை ஓட விடும். நம் வீட்டு வாசலில், நம் ஆட்டுக்கல்லைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போகும். நிஜத் தெரு, பொய் வெள்ளம். சென்னையிலிருந்து பெரியவர் ஒருவர் தொடங்கி வைக்க வருவதாக ஏற்பாடு.

சௌந்தரபாண்டியன் முதலில் மாட்டிப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“ஆண்டிச்சாமி, என்னய்யா இது? தண்ணி மூட்டைக்குள்ள புகுந்து வருது?”

“மூட்டை இருக்கிறது அதுக்குத் தெரியாது சார். பிப்ரவரியில படம் எடுத்தப்ப வளைவு காலியாத்தானே இருந்துச்சு. கம்ப்யூட்டருக்கு அதான் கணக்கு. தண்ணி நேரா தெருவுக்குள்ள வரணும்னு போட்டுருக்கு.”

“பிள்ளைகள் மனசில் தவறான கருத்து பதியுமே! மணல் மூட்டைக்குள் தண்ணீர் நுழையும் என்று நினைத்துவிடுவார்களே!” சௌந்தரபாண்டியன் உண்மையிலேயே வேதனைப்பட்டார். “மூட்டைகளை எடுத்துவிடுங்கள்.”

பிச்சை முகம்மதுவுக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. “சார், ஐப்பசி சார். கம்ப்யூட்டர்ல தண்ணியக் கொஞ்சம் தள்ளி விடக் கூடாதா?”

“கம்ப்யூட்டரை மாற்றுவதென்றால் டெல்லிக்கு எழுத வேண்டும். மூட்டையை மாற்ற யாருக்கும் எழுத வேண்டாமே!” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, மறுபடியும் தோளில் கை போட்டார். “சார், இது ஒண்ணுதான் பாக்கி. விழா முடிஞ்ச மறுநாளே நான் ஆள் விட்டு அதே இடத்தில் அதே மாதிரி அடுக்கித் தரேன். என் வார்த்தை. சுவர் உத்தரவும் அந்த மேடையிலேயே.”

தெருவைக் கூட்டியபோது பெரிய சத்தமாகிவிட்டது. செல்லத்தாய் முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“வாத்தியாரே, மலையப் பாருங்க. கருக்கல் கட்டி நிக்கிது. இப்பப் போயி மூட்டைய எடுக்கவா? பொய்த் தண்ணி வாரதுக்கு நெசமான கரைய உடைக்கச் சொல்லுதாகளே, அவியளுக்குக் கிறுக்கா, நமக்குக் கிறுக்கா?”

“ரெண்டு நாள்தான் ஆயா. திருப்பி அடுக்கித் தாரேன்னு சொல்லியிருக்காரு.”

“யாரு வாக்கு இது? அவிய வாக்கா, உங்க வாக்கா?”

தெரு முழுவதும் பிச்சை முகம்மதுவின் வாயைப் பார்த்தது. அங்கே நின்ற ஆண்களில் பாதிப் பேர் அவரிடம் பூகோளம் படித்தவர்கள். சம்சாத் பேகம் ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் வாக்கு,” என்றார்.

செல்லத்தாய் திரும்பி நடந்தாள். ஓடையில் இறங்கி முதல் மூட்டையை அவளே தூக்கினாள்.

மூட்டைகளை ஓரமாக அடுக்கி வைப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இயக்ககத்து ஆட்கள் வந்து சிவப்பு நூலை அறுத்து மணலைக் கொட்டினார்கள். பள்ளிக்கூட மைதானம் மேடும் பள்ளமுமாக இருந்ததாம். பெரியவரின் கார் குலுங்கக் கூடாதாம். மணலைப் பரப்பி, அதன் மேல் சாக்குகளை விரித்து, மேடை வரை நடைபாதை போட்டுவிட்டார்கள்.

“சார், சாக்கை அறுத்துட்டாங்களே?”

“புதுச் சாக்கு, புது மணல்! கவலையை விடுங்க,” என்றார் சௌந்தரபாண்டியன்.

விழா ஜோராக நடந்தது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காய்ந்து கிடந்த தெருவில் நின்றார். ஆண்டிச்சாமி பொத்தானை அழுத்தினான். பெரியவர் ‘ஐயோ!’ என்று செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினார். கண்ணாடி இல்லாத அதிகாரிகளும் உடனே வேட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். பேன்ட் போட்டவர்கள் சுருட்டிவிட்டுக்கொண்டார்கள். புழுதி பறக்கிற தெருவில் எல்லோரும் காலை எட்ட எட்ட வைத்து, தண்ணீரில் நடப்பதுபோல நடந்து போனார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்து, “பார்த்து சார், இந்த இடம் ஆழம்,” என்று சொல்லக் கேட்டது.

மேடையில் பெரியவர் பேசினார். “இந்த வெள்ளத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை! ஒரு சுவர்கூட இடியவில்லை! இதற்குக் காரணமான அதிகாரிகளை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.” தெரு முனையில் ஒரு பெயர்ப்பலகை நட்டார்கள்: ‘வெள்ளம் கற்ற தெரு.’ சுவர் உத்தரவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. பிச்சை முகம்மது மேடைக்குப் பின்னால் போய் நின்றபோது, “எல்லாம் நடக்குது,” என்று சொல்லிவிட்டுச் சௌந்தரபாண்டியன் காரில் ஏறினார்.

மறுநாள் ஆள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிச்சை முகம்மது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினார். ஐயா டெல்லிக்குப் பாராட்டு வாங்கப் போயிருக்கிறார் என்றார்கள். திரும்பி வந்து தெருக்காரர்களோடு தாமும் ஓடையில் இறங்கி மண்வெட்டியைப் பிடித்தார். மில்லில் அடுத்த பஞ்சு லோடு வரும்வரை சாக்கு கிடையாது என்றார்கள். கிடைத்த கோணிகளில் முழங்கால் உயரத்துக்குத்தான் எழும்பியது.

தண்ணீர் வந்த அன்றைக்கு ஊருக்குள் நல்ல வெயில். மதியச் சோறு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேற்கே லாரி வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. செல்லத்தாய்தான் முதலில் கத்தினாள். “ஏலே, மாடிக்கு ஓடுங்கலே! ஓடை வருது!”

பிள்ளைகள் ஓடவில்லை. கலங்கிய தண்ணீர் வாசலைத் தாண்டி மைதானத்துக்குள் உருண்டு வருவதைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் படித்த பாடத்தை மறக்காமல், இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோய், இல்லாத சட்டியைப் பிடித்து, மேலே தூக்கினார்கள். தண்ணீர் போகவில்லை. மறுபடியும் தூக்கினார்கள்.

அந்தக் காட்சியைப் பிச்சை முகம்மதுவால் பிறகு ஒருநாளும் மறக்க முடியவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, தலைமுடியைப் பிய்த்துக்கொள்வதுபோலத் தூக்கித் தூக்கிப் பார்க்கிற பிள்ளைகள்.

“சட்டி இல்லம்மா! இது நெசம்! நெசத் தண்ணி!” என்று கத்தியபடி ஒவ்வொரு கையாகப் பிடித்து இழுத்தார். செல்லத்தாய் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக அள்ளினாள். கடைசிப் பிள்ளை மாடிப்படியில் ஏறியபோது படியின் பாதி முழுகியிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் தப்பினார்கள். அந்த மட்டுக்கும் நல்லது.

தெரு தப்பவில்லை. மண் சுவர் வைத்த வீடுகள் உட்கார்ந்துவிட்டன. ஆடுகள் போயின. சம்சாத் பேகத்தின் வீட்டுப் பின்சுவர் விழுந்து, வெட்டி மடித்து வைத்திருந்த கட்டுத்துணி அத்தனையும் ஓடையோடு போயிற்று. மறுநாள் பார்த்தபோது, ஓடையின் இரண்டு கரையிலும் நின்ற வேலிக்கருவைகள் எல்லாம் வெள்ளைக் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றன. சம்சாத் முள்ளில் மாட்டிய துணியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனாள். அண்ணன் எடுத்துக் கொடுத்த துணியை மட்டும் வாங்கவில்லை.

அடுத்த வாரம் சௌந்தரபாண்டியன் வந்தார். காரை விட்டு இறங்கி, அம்மன் கோயில் வரை நடந்து, தலையை ஆட்டினார்.

“தவறு நடந்திருக்கிறது. கம்ப்யூட்டர்படி தண்ணீர் கோயிலுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும். இது வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. எங்கள் பாடத்தில் குறையில்லை. தண்ணீர்தான் பாடத்தைப் பின்பற்றவில்லை.”

“நிவாரணம் எப்ப சார் வரும்?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

சௌந்தரபாண்டியன் பெயர்ப்பலகையைக் காட்டினார். பலகை மட்டும் அசையாமல் நின்றது. இயக்ககம் அதைச் சிமென்ட் போட்டு நட்டிருந்தது. “இது வெள்ளம் கற்ற தெரு. கற்றவர்களுக்குச் சேதம் வர வாய்ப்பே இல்லை. வந்திருந்தால் பாடத்தைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம். கவனக்குறைவுக்கு அரசாங்கம் எப்படி நிவாரணம் தரும்?”

“சுவரு?” என்று கேட்டார் பிச்சை முகம்மது. குரல் அவருடையதுபோல இல்லை.

“சுவர் முடிந்துவிட்டதே! உங்கள் தெருவுக்கு முழு அனுபவம் வந்தாயிற்று; இனி சுவர் எதற்கு? அனுபவமே இல்லாத இடத்துக்குத்தானே பாதுகாப்பு வேண்டும்? எங்கள் இயக்ககத்துக்கு இதுவரை வெள்ள அனுபவம் துளியும் கிடையாது. அங்கே கட்டிவிட்டோம். நல்ல உயரம். வந்து பாருங்கள்.”

“மூட்டைய எடுக்கச் சொன்னது யாருய்யா?” என்று செல்லத்தாய் கத்தினாள்.

சௌந்தரபாண்டியன் பொறுமையாகத் திரும்பினார். “அம்மா, எடுத்தது நீங்கள். எடுக்கச் சொன்னது உங்கள் வாத்தியார். தம் வாக்கு என்று அவரே சொன்னாராமே? இயக்ககம் ஆலோசனைதான் சொல்லும். இதைத்தான் நாங்கள் மக்கள் பங்கேற்பு என்கிறோம்.”

சொல்லிவிட்டுப் பிச்சை முகம்மதுவின் தோளில், பழைய இடத்திலேயே, கை போட்டார். அவர் நகரவில்லை. நகரத் தோன்றவில்லை. தெரு அந்தக் கையையும் தோளையும் சேர்த்துப் பார்த்தது.

அதன்பிறகு அவரை யாரும் ஏசவில்லை. வெற்றிலைக் கடையில் அவர் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். சத்துணவுக் கூடத்தைத் தாண்டிப் போகும்போது செல்லத்தாய் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் நாலு வார்த்தை ஏசிவிட்டால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

தை மாதம் நீல வேன் மறுபடி வந்தது. காரும் வந்தது. சௌந்தரபாண்டியன் முகம் பூரித்திருந்தது. கையில் கண்ணாடி.

“பிச்சை முகம்மது சார்! என்னைப் பற்றி என்னவோ பேசிக்கொண்டீர்களாம். சௌந்தரபாண்டியன் சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை. டெல்லிக்கே எழுதி வாங்கிவிட்டேன். ஓடைப் பக்கம் திரும்பி நின்று மாட்டிப் பாருங்கள்.”

பிச்சை முகம்மதுவைப் பிடித்துக்கொண்டுபோய் இடிந்த சுவர்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். ஆண்டிச்சாமி பொத்தானை அழுத்தினான். யாருக்கும் வேலை இல்லாததாலோ என்னவோ, தெரு கூடிவிட்டது.

வளைவு நெடுக மூட்டைகள் நின்றன. ஆள் உயரத்துக்கு, ஒன்றன் மேல் ஒன்றாக, அதே இடத்தில், அதே மாதிரி. சாக்கின் வாயில் சிவப்பு நூல்கூடத் தெரிந்தது. மூட்டைகளை எடுப்பதற்கு முந்தின நாள் பிடித்த படத்திலிருந்து செய்தார்களாம். பொய்த் தண்ணீர் வந்து மூட்டையில் மோதி, மரியாதையாகத் திரும்பிப் போயிற்று. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

“அடுக்கித் தரேன்னு சொன்னேன். அடுக்கியாச்சு!” என்றார் சௌந்தரபாண்டியன். “இனி எந்தக் காலத்திலும் யாராலும் எடுக்க முடியாது.”

இயக்ககத்து ஆட்கள் கை தட்டினார்கள். பிச்சை முகம்மது அவரை அறியாமல் கையை நீட்டி மூட்டையைத் தொடப் போனார். விரல் காற்றில் போயிற்று. இன்னும் ஓர் அடி வைத்தார். கால் விழுந்து கிடந்த செங்கலில் இடறியது.

“வாத்தியாரே,” என்று ஒரு குரல் கேட்டது. ஐப்பசிக்குப் பிறகு செல்லத்தாய் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. “அதுக்குள்ள என்ன தெரியுது?”

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

“நம்ம மூட்டை தெரியுது ஆயா. சம்சாத் தைச்ச நூலு தெரியுது. தெருவுக்குள்ள தண்ணியே வரல.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் எங்கிருந்தோ, செல்லத்தாயின் குரல் கோபமே இல்லாமல் வந்தது.

“அப்ப அங்கனயே குடியிருங்க, வாத்தியாரே. கழட்டாதிய.”

காலடிகள் கலைந்து போகிற சத்தம் கேட்டது. பிச்சை முகம்மது இரண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைப் பிடித்தார். தூக்கினால் என்ன தெரியும் என்று அவருக்குத் தெரியும். பிடித்தபடியே நின்றார்.

“பாருங்கள், கழற்றவே மனம் வரவில்லை அவருக்கு!” என்று சௌந்தரபாண்டியன் போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.